பள்ளத்தெருக் குழாய் சொல்லாத பேர்

சான் பாந்தாலெயோனில் குழாய் சொன்னால்தான் ஒரு காரியம் நடந்ததாகக் கணக்கு. பன்றி அறுத்தால் குழாயில் சொல்ல வேண்டும். கன்றுக்குட்டி தொலைந்தால் குழாயில் சொல்ல வேண்டும். பிறந்தநாள் என்றால் விடிகாலை ஐந்து மணிக்குப் பேரும் தெருவும் பெற்றவர்களும் ஞானத்தகப்பனும் சொல்லி, பாட்டுப் போட்டு, தூங்குகிறவர்களை எல்லாம் எழுப்பிவிட வேண்டும். குமெர்சிந்தோ பெரியவர் செத்த அன்று ஊரில் கரண்ட் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்களை வழிமறித்து, "யாரு போயிட்டாங்க?" என்று கேட்டது வேறு யாருமில்லை, அவருடைய பக்கத்து வீட்டுக்காரிதான். அழுகைச் சத்தம் அவள் காதில் விழத்தான் செய்தது. ஆனால் குழாய் சொல்லவில்லையே, எப்படி நம்புவாள்?

குழாய் என்றால் ஒலிபெருக்கி. உயரமான கம்பத்தின் உச்சியில் நாலு திசைக்கும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஊருக்கு இரண்டு. பள்ளத்தெருவில் தோன் நிகானோருடையது, அவருடைய கோழித்தீவனக் கடைக்கு மேலே. மேட்டுத்தெருவில் தோன்யா பசிலிசாவுடையது, அவளுடைய மாடி வீட்டுக்கு மேலே. தோன், தோன்யா என்பது நம் ஐயா, அம்மா மாதிரி மரியாதைக்கு. அவர் கம்பத்தை ஒரு முழம் உயர்த்தினால் அவள் இரண்டு முழம் உயர்த்துவாள். கோயில் மணிக்கூண்டைத் தாண்டிவிடப் போகிறார்களே என்று பாதிரியார் வந்து கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் அந்தப் போட்டி நின்றது. அதற்கப்புறம் பசிலிசா எதிரொலிக் கருவி ஒன்றை வாங்கினாள். அவள் "தக்காளி" என்றால் "தக்காளி... தக்காளி... காளி..." என்று மலை வரை போய் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஒதிலியா ஒரு சீட்டை இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டு தீவனக் கடைக்குப் புறப்பட்டாள். ஒதிலியா சனிக்கிழமைதோறும் தமாலே அவித்து விற்கிறவள். சோளமாவுக்குள் கறியும் மிளகாயும் வைத்து, சோளத்தோகையில் அவள் சுற்றிக் கட்டுகிற அழகைப் பார்த்தால் பிரிக்கவே மனசு வராது. நிகானோர் அவளுடைய பிள்ளைக்கு ஞானத்தகப்பன், ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நின்றவர். அதனால் அவள் அவரைக் 'கொம்பாத்ரே' என்பாள், அவர் அவளைக் 'கொமாத்ரே' என்பார். கூடப்பிறந்தவர்கள்கூட ஒருநாள் பேசாமல் இருக்கலாம், கொம்பாத்ரேயும் கொமாத்ரேயும் இருக்க முடியாது. அவளுடைய தமாலே அறிவிப்பை இருபது வருஷமாக அவர்தான் படிக்கிறார்.

ஆனால் சீட்டில் இருந்தது தமாலே இல்லை.

அவளுக்கு ஒரே பிள்ளை. பிறந்தபோது பையன் என்று சொன்னார்கள், பையன் பேர் வைத்தார்கள். பிள்ளைக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே அது சரியில்லை என்று பிள்ளைக்கும் தெரியும், தாய்க்கும் அரைகுறையாகத் தெரியும். இருபது வயதில் புவெப்லா நகரத்துக்குப் போனாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. அங்கே யாதிரா என்று பேர் வைத்துக்கொண்டாள். போன வருஷம் பதிவு அலுவலகத்தில் அந்தப் பேருக்கே காகிதமும் வாங்கிவிட்டாள். நடுவில் இரண்டு முறை ஊருக்கு வந்தாள், முகத்தை மறைக்கிற முக்காட்டுச் சட்டையோடு, கடைசி பஸ்ஸில் இறங்கி முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

இந்த முறை வியாழக்கிழமை மதியம், எல்லாரும் கடைத்தெருவில் நிற்கிற நேரத்தில், மஞ்சள் பாவாடையோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஊர் முழுக்கப் பார்த்தது. யாரும் வாய் திறக்கவில்லை. வெறுப்பு என்று அதைச் சொல்ல மாட்டேன். பாதிப் பேருக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவதென்றே தெரியவில்லை. வெங்காயக்காரி, "வா... வாங்க... என்ன வேணும்... இந்தா," என்று முழுங்கி முழுங்கிப் பேசிவிட்டு, பதற்றத்தில் மிளகாயைக் கட்டிக் கொடுத்தாள்.

அன்றைக்கு வெங்காயத்துக்குப் பதில் மிளகாயைக் காம்பு கிள்ளியபடி யாதிரா சொன்னாள்: "அம்மா, அடுத்த வருஷம் நீயே புவெப்லாவுக்கு வந்துடேன். இங்க வந்தா எனக்கு நான் ஒரு மேகம் மாதிரி இருக்கு. எல்லாரும் அண்ணாந்து பாக்கறாங்க, யாரும் கூப்பிடல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஒதிலியாவுக்குப் புரிந்துவிட்டது. இவள் இனி வரமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் அதோடு சரி. சனிக்கிழமை அவளுக்கு இருபத்தேழாவது பிறந்தநாள். அன்றைக்கு விடியும்போது குழாய் அவள் பேரைச் சொன்னால் ஊருக்கு ஒரு சொல் கிடைக்கும், கூப்பிட. ஒதிலியா கேட்டது அவ்வளவுதான்.

"தமாலே அறிவிப்புதானே கொமாத்ரே? அதுக்கு எதுக்குச் சீட்டு? தூக்கத்துல எழுப்பினாக்கூட ஒப்பிப்பேனே," என்று நிகானோர் சீட்டைப் பிரித்தார். படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். எழுத்து மாறவில்லை.

"யாரு இது, யாதிரா?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே."

"உங்க வீட்டுல ஒரே பிள்ளைதான். அதுக்கு நான்தான் பேரு வச்சேன். இந்தப் பேரை வைக்கல."

"அந்தப் பிள்ளைதான் கொம்பாத்ரே. பதிவு ஆபீசுலயே மாத்தி முத்திரை குத்திக் குடுத்தாச்சு."

"ஆபீசுல ஆயிரம் முத்திரை குத்துவாங்க. இது ஊரோட காது. சின்னப் பிள்ளைங்க கேக்கும்."

"போன வாரம் அந்தக் காதுல என்ன ஊத்தினீங்க? ஆம்பளைங்களுக்கு வீரிய மாத்திரைன்னு மூணு வேளையும் படிச்சீங்க. எதிர்வீட்டுச் சின்னது, 'அந்த மாத்திரை இனிக்குமா ஒதிலியா அத்தை'ன்னு இன்னும் என்னைக் கேட்டுக்கிட்டிருக்கு."

நிகானோரின் காது மடல் சிவந்தது. "அது விளம்பரம். இது வேற. டிவியில பாத்திருக்கேன் கொமாத்ரே, இந்த மாதிரி ஆளுங்களை. கூத்தும் கும்மாளமும்..."

"டிவியில பாத்தீங்களாக்கும்! உங்க மடியில மூத்திரம் போன பிள்ளையை நீங்க டிவியில பாத்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

அவர் சீட்டை நாலாக மடித்து அவள் பக்கம் தள்ளினார். "தமாலேன்னா படிக்கிறேன். இல்லன்னா ஆளை விடுங்க."

ஒதிலியா வீட்டுக்கு வந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக நங்நங்கென்று வைத்தாள். யாதிராவுக்கு அந்தச் சத்தத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது.

"மாட்டேன்னுட்டாரா?"

"அந்தப் புத்தகத்தை எடு."

புத்தகம் என்பது யாதிரா புவெப்லாவிலிருந்து கொண்டு வந்த சின்னப் பிரசுரம். அங்கே அவளைப் போன்றவர்களின் குடும்பங்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் யாதிரா அங்கே போய்த் தொலைபேசி எடுப்பாள். எங்கெங்கோ இருக்கிற தாய்மார்கள் கூப்பிட்டு, முதலில் அழுவார்கள், அப்புறம் திட்டுவார்கள், அப்புறம், "என் பிள்ளைக்குப் பாவாடை என்ன அளவு வாங்கறது?" என்று கேட்பார்கள். அந்தச் சங்கம் போட்ட புத்தகம் அது. எந்த டாக்டரைப் பார்ப்பது, எந்தக் காகிதத்துக்கு எங்கே போவது, பள்ளிக்கூடத்தில் என்ன பேசுவது, எல்லாம் அதில் இருந்தது. ஒதிலியா ஏற்கெனவே அதைக் கரைத்துக் குடித்திருந்தாள். குறையும் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"படத்துல இருக்கறவங்க எல்லாம் சோபாவுல உக்காந்திருக்காங்க. ஒரு அடுப்பு உண்டா? ஒரு கோழி உண்டா? அடுத்த தடவை அச்சடிக்கும்போது சொல்லு, கோழி இல்லாத வீட்டுலதான் இந்த மாதிரி பிள்ளைங்க பிறக்கும்னு எங்க ஊர்ல நினைச்சுக்கப் போறாங்க."

"சரிம்மா, கோழி வைக்கச் சொல்றேன்."

"இங்க பாரு. தாத்தா பாட்டிக்கு ஒரு பக்கம். அண்ணன் தம்பிக்கு ஒரு பக்கம். வாத்தியாருக்கு ரெண்டு பக்கம். ஞானத்தகப்பனுக்கு எங்க?"

யாதிரா வாங்கிப் புரட்டினாள். இல்லைதான்.

"நான் மேட்டுத்தெருவுக்குப் போறேன். பசிலிசா படிப்பா. எதிரொலியோட படிப்பா. மலை கேக்கட்டும்," என்று ஒதிலியா துண்டை உதறித் தோளில் போட்டாள்.

"வேணாம்மா. பள்ளத்தெருப் பிறந்தநாளை மேட்டுத்தெரு படிச்சா ஞானப்பாவுக்கு எவ்வளவு அவமானம்! அப்புறம் அவர் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?"

"உனக்கு அவர் தலையைப் பத்தித்தான் கவலை!"

"போன்ல எங்கெங்கயோ இருக்கறவங்களுக்கெல்லாம் புத்தி சொல்றேன். என் ஞானப்பாகிட்ட நான் இன்னும் ஒரு வார்த்தை பேசலயே. நானே போறேன்."

நாலு மணி வெயிலில் இரண்டு பேரும் தெருவில் இறங்கினார்கள். தெருவே சன்னல் வழியாகப் பார்த்தது.

நிகானோர் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, "கவனிக்கவும், கவனிக்கவும். தோன்யா தோமாசா வீட்டில் இப்போதுதான் அறுத்த இளம் பன்றிக்கறி கிடைக்கும். கொழுப்பு வறுவலும்..." என்று படித்துக்கொண்டிருந்தார். வாசலில் மஞ்சள் பாவாடையைப் பார்த்ததும் வாய் அப்படியே நின்றுவிட்டது. காகிதத்தைக் கீழே வைத்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

இங்கேதான், என் கண்ணுகளே, நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மைக்கை அவர் அணைக்கவில்லை. கூரை வரை தீவன மூட்டை அடுக்கிய கடை அது. கம்பத்து உச்சியில் குழாய்கள் வெளியே பார்த்துக் கத்துவது உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காது. அந்த மூன்று பேரைத் தவிர ஊரில் எல்லாருக்கும் கேட்கும்.

"ஞானப்பா, சௌக்கியமா?" என்றாள் யாதிரா.

"ம்."

"என்னைப் பாத்து 'ம்' சொல்லக் கூடாதா? அந்த மூட்டைக்கா பதில் சொல்றீங்க?"

"கண்ணுல தூசி."

ஒதிலியாவால் பொறுக்க முடியவில்லை. "தூசியாம் தூசி! தோமாசாவோட கறி முந்தாநாள் அறுத்ததுன்னு ஊருக்கே தெரியும். அதை 'இப்போதுதான் அறுத்த'ன்னு படிக்க வாய் வருது. உள்ளதை உள்ளபடி பிறந்தநாளுக்கு யாதிரான்னு என் பிள்ளை பேரைப் படிக்க வாய் வரல!"

"அது அவ எழுதிக் குடுத்தது, நான் படிச்சேன்!"

"இதுவும் நான் எழுதிக் குடுத்ததுதான், படிங்க! இந்தப் புத்தகத்துல பாத்தேன் கொம்பாத்ரே, தாத்தா பாட்டிக்குக்கூடப் புத்தி சொல்லியிருக்கான், ஞானத்தகப்பனுக்கு ஒரு பக்கம் இல்ல. ஏன் தெரியுமா? ஞானத்தகப்பன் முரண்டு பண்ண மாட்டான்னு நம்பி விட்டிருக்கான்!"

"அம்மா, கொஞ்சம் இரு." யாதிரா ஒரு தீவன மூட்டையை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "டிவியில பாத்தேன்னு சொன்னீங்களாமே. நானும் பாத்திருக்கேன் ஞானப்பா. டிவியில நாங்க ரெண்டு விதமாத்தான் வருவோம். ஒண்ணு, டோப்பா கழண்டு விழும், எல்லாரும் சிரிப்பாங்க. இல்லன்னா செய்தியில செத்துக் கிடப்போம். காலையில எழுந்து பஸ் பிடிச்சு, நாள் முழுக்க லென்ஸ் தேச்சு, முதலாளிகிட்ட திட்டு வாங்கி, ராத்திரி பீன்ஸ் வேக வச்சுத் தின்னுட்டுத் தூங்கறதை எவன் காட்டினான்? அப்படித்தான் நான் இருக்கேன். இந்த ஊருக்கு டிவி உங்க குழாய்தான். அதுல நான் ஒரு தடவை சாதாரணமா வரணும். தக்காளி வர்ற மாதிரி, கன்னுக்குட்டி வர்ற மாதிரி."

நிகானோர் தொப்பியை எடுத்து மடியில் வைத்து அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காத குரலில், கிட்டத்தட்ட ஒரு சின்னப் பிள்ளையின் குரலில் சொன்னார்: "அது என் பேரு."

"என்ன ஞானப்பா?"

"உனக்கு வச்சது என் பேரு. எனக்குன்னு பிள்ளை இல்ல. தண்ணி ஊத்தும்போது பாதிரியார் 'நிகானோர்'னு சொன்னாரு, நான் உன்னைத் தூக்கிப் பிடிச்சிருந்தேன். ஒரே நேரத்துல ரெண்டு பேரையும் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. நீ அதைத் தூக்கிப் போட்டுட்டே. பாவாடை கட்டிக்கோ, எனக்கென்ன வந்துச்சு? ஆனா பேரை ஏன்டா... ஏன்மா தூக்கிப் போட்டே?"

இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு வலி இருக்கும் என்று ஒதிலியா நினைத்துப் பார்த்ததே இல்லை. இத்தனை நாளும் பிடிவாதம் என்றே நினைத்திருந்தாள்.

யாதிரா மூட்டையை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எனக்கு ஏழு வயசுல மாட்டுத் தோல்ல ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கித் தந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? பித்தளை ஆணி அடிச்சது."

"அது என்னைக் கடிச்சுது ஞானப்பா. ரெண்டு குதிகாலும் கொப்புளம். ஆனா நீங்க வாங்கித் தந்தது. ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அதைப் போட்டுக்கிட்டு உங்க கூட கோயிலுக்கு நொண்டாம நடந்தேன். மூணு மாசம்."

"கடிச்சுதா?" நிகானோர் துள்ளி எழுந்தார். "மூணு மாசமா? சொல்றதுக்கென்ன!"

"உங்களுக்கு வருத்தமா இருக்குமேன்னு சொல்லல. அந்தப் பேரும் அப்படித்தான். நல்ல பேரு. என் காலுக்கு அளவில்ல. இருபது வருஷம் நொண்டாம நடந்தேன். இப்பத்தான் சொல்றேன்."

"அந்த ரமிரோ! செருப்புக்கடை ரமிரோ திருட்டுப் பய! 'பிள்ளை வளரும், சரியா வரும்'னு தலையில கட்டினான். அளவு தெரியாதவனெல்லாம் செருப்புக்கடை வச்சா..."

அப்போது மலைப்பக்கமிருந்து, தீவன மூட்டைகளையும் துளைத்துக்கொண்டு ஒரு குரல் வந்தது. எதிரொலியோடு.

"கவனிக்கவும்... கவும்... பள்ளத்தெரு நிகானோருக்கு ஓர் அறிவிப்பு... விப்பு... உன் மைக்கு தெறந்து கெடக்குதய்யா... தய்யா... ஊரே அடுப்பை அணைச்சுட்டுக் கேட்டுக்கிட்டிருக்கு... ரமிரோவும் கேட்டுக்கிட்டிருக்காரு... காரு..."

மூன்று பேரும் மைக்கைப் பார்த்தார்கள். மைக்கின் பக்கத்தில் சிவப்பு விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

"ஐயோ மாதாவே," என்றாள் ஒதிலியா. அதுவும் ஊருக்குப் போனது. "தோமாசா!" அதுவும் போனது.

பசிலிசா விடவில்லை. "யாதிரா கண்ணு... கண்ணு... பள்ளத்தெருக் குழாய் படிக்கலேன்னா நாளைக்கு நான் படிக்கிறேன்... ஞானத்தகப்பன் பேரையும் சேர்த்துத்தான் படிப்பேன்... ஞானத்தகப்பன் நிகானோர், மைக்கு அணைக்கத் தெரியாதவருன்னு... தவருன்னு..."

பிறந்தநாள் வாழ்த்து என்றால் பிறந்தவர் பேரோடு ஞானத்தகப்பன் பேரும் வந்தே ஆக வேண்டும். விட்டுவிட்டுப் படித்தால் அந்த மனுஷன் செத்துவிட்டான் என்று அர்த்தம். நிகானோர் இதைப் பற்றி இதுவரை யோசிக்கவில்லை என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. மைக்கை எட்டிப் பிடித்தார்.

"மேட்டுத்தெரு பசிலிசாவுக்குப் பதில் அறிவிப்பு. பள்ளத்தெருவுல பிறந்தவங்களைப் பள்ளத்தெருவே பாத்துக்கும். நீ உன் தக்காளியைப் பாரு." சட்டென்று அணைத்தார். இரண்டு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

பிறகு அவர்கள் பக்கம் திரும்பாமலே, "போங்க," என்றார். "எனக்கு யோசிக்கணும்."

"சீட்டு..." என்று ஒதிலியா இழுத்தாள்.

"வச்சுட்டுப் போங்க."

படிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வழியில் தோமாசா கையில் கத்தியோடு வாசலில் நின்றுகொண்டிருந்ததால் தாயும் மகளும் சோளக்காட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த வரப்பில் நடக்கும்போது யாதிராவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தாள். ஒதிலியா முதலில் அதட்டினாள், அப்புறம் அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

விடிகாலை நாலரைக்கே அடுப்பு எரிந்தது. பெரிய பானைக்குள் தமாலேக்கள் நின்றவாக்கில் வெந்துகொண்டிருந்தன. யாதிரா சோளக்கஞ்சியைக் கிண்டினாள். ஐந்து மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. உப்பைப் பற்றிப் பேசினார்கள்.

ஐந்து ஆனது. ஒன்றுமில்லை.

ஐந்து மணி மூன்று நிமிஷம். நாய் ஒன்று குரைத்தது. யாதிரா கரண்டியைப் பானை விளிம்பில் தட்டிவிட்டு, "கஞ்சி தீயுது," என்றாள். கஞ்சி தீயவில்லை.

குழாய் கரகரத்தது. ஒரு இருமல். அப்புறம் இன்னொரு இருமல். பிறந்தநாள் பாட்டு தொடங்கியது, முழுசாகவும் ஓடி முடிந்தது. வழக்கமாகப் பாட்டுக்கு முன்னாலேயே பேரைச் சொல்லிவிடுவார். ஒதிலியா சோளத்தோகையைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"கவனிக்கவும், கவனிக்கவும்," என்றது குழாய். குரல் தூங்காத குரல். "இன்று பிறந்தநாள் காண்பது, பள்ளத்தெரு, கிணற்றுச் சந்து..." ஒரு மூச்சு. "யாதிரா. யாதிரா மெந்தோசா. இருபத்தேழு வயது. கண்ணாடிக் கடையில் வேலை. தாய் ஒதிலியா. தகப்பன் காலஞ்சென்ற எலாதியோ. ஞானத்தகப்பன்..."

இத்தனை வருஷத்தில் அவர் தன் பேரை வாழ்த்துகளில் நூறு தடவையாவது படித்திருப்பார், 'தோன் நிகானோர்' என்று, வேறு யாரையோ சொல்கிற மாதிரி.

"ஞானத்தகப்பன், நான்தான்," என்றது குழாய். "வாழ்த்துகள் மகளே. தமாலே ஆறு மணிக்கு. கறி, மிளகாய், இனிப்பு."

யாதிரா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். ஒதிலியா அவளைத் தொடவில்லை. தொட்டால் இரண்டு பேரும் பானையைக் கவிழ்த்துவிடுவார்கள். நாலு நிமிஷம் கழித்து மேட்டுத்தெருவும் அதே பேரைப் படித்தது, எதிரொலியோடு, தான்தான் முதலில் படிக்கிற தோரணையில்.

ஆறு மணிக்கு முன்பே முற்றத்தில் வரிசை. முதலில் நின்றவள் தோமாசா.

"யாதிரா!" என்று கத்தினாள். "உங்கம்மாவைக் கூப்பிடு! என் கறி பழசாமே? நாலு கிராமத்துக்குக் கேட்டிருக்கு!"

குழாய் இல்லாமல், நேருக்கு நேராக, ஊரில் ஒருத்தி அவளை முதல்முதலாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான். யாதிரா பல்லெல்லாம் தெரிய, "இதோ கூப்பிடறேன் தோன்யா தோமாசா," என்று அப்படி ஒரு சந்தோஷத்தோடு சொன்னாள். தோமாசாவுக்குச் சண்டையின் முனையே மழுங்கிப்போனது. ஒரு டஜன் வாங்கிக்கொண்டு, பாதி விலைதான் கொடுப்பேன் என்று சொல்லி, அப்படியே கொடுத்துவிட்டும் போனாள்.

அதற்கப்புறம் எல்லாருக்கும் வாய் திறந்துகொண்டது. யாதிரா, ரெண்டு கறி. யாதிரா, கஞ்சி சூடா இருக்கா? யாதிரா, என் கண்ணுக்குக் கிட்டத்துல இருக்கறது மங்கலா தெரியுது, என்ன கண்ணாடி போடலாம்? வெங்காயக்காரி வெங்காயம் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, "இது வெங்காயம்தான், பாத்துக்கோ," என்றாள்.

வரிசையின் கடைசியில் மேட்டுத்தெரு ஆள் ஒருத்தி நின்றாள். தமாலே வாங்கினாள். போகவில்லை. ஒதிலியாவின் பக்கம் வந்து தாழ்ந்த குரலில், "நேத்து மைக்குல ஒரு புத்தகம்னு சொன்னீங்களே," என்றாள். "அதுல அத்தைக்குப் பக்கம் இருக்கா? என் அண்ணன் பிள்ளைக்குப் பதினஞ்சு வயசு. என்கிட்ட மட்டும்தான் பேசுது."

ஒதிலியா புத்தகத்தை எடுத்துத் துண்டில் துடைத்துக் கொடுத்தாள். "அத்தைக்கு இல்ல. தாத்தா பாட்டி பக்கத்தைப் படி, அதுவே போதும். பின்னட்டையில நம்பர் இருக்கு. சாயங்காலம் கூப்பிட்டா சில நாள் இவளே எடுப்பா. படத்துல கோழி இல்லைன்னு யோசிக்காதே."

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாதிரா பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குப் பஸ். எட்டு மணிக்குக் குழாய் கரகரத்தது.

"கவனிக்கவும், கவனிக்கவும். கிணற்றுச் சந்து யாதிரா இன்று பத்து மணி பஸ்ஸில் புவெப்லா போகிறாள். அங்கே இருக்கும் உறவினர்களுக்குப் பொட்டலம் கொடுக்க விரும்புகிறவர்கள் பஸ் நிறுத்தத்துக்கு வரவும்."

"நான் எப்ப ஒத்துக்கிட்டேன்!" என்று யாதிரா வாசலுக்கு ஓடிவந்து கத்தினாள், குழாய்க்குக் காது இருக்கிற மாதிரி.

ஊரிலிருந்து யார் நகரத்துக்குப் போனாலும் அப்படித்தான். திருட்டுத்தனமாகப் போய் வந்துகொண்டிருந்தவளுக்கு மட்டும்தான் இத்தனை வருஷமாக அந்தத் தொல்லை இல்லாமல் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் பதினோரு பேர் நின்றார்கள். பேரனுக்குப் பாலாடைக்கட்டி, தங்கைக்கு வறுத்த வெட்டுக்கிளி, பட்டாளத்தில் இருக்கிற தம்பிக்கு உள்ளாடை, மருமகளுக்கு ஒரு கடிதம் ("நீ படிக்காதே, அவளைத் திட்டி எழுதியிருக்கேன்"). நிகானோர் ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தார். திறந்து பார்த்தால் உள்ளே வறுத்த பூசணி விதை. "பூட்ஸ்னு நினைச்சியா? இனி நீயே போட்டுப் பாத்து வாங்கிக்கோ," என்றார். பிறகு அவளை அணைத்துக்கொண்டு, காதோரம் அவள் பேரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார், மைக் இல்லாமல்.

பஸ் உறுமியது. மஞ்சள் பாவாடையின் மேல் பைகளும் இரண்டு தூக்குக் கேரியரும் மடியில் ஒரு பானையுமாக யாதிரா சன்னலோரம் நெருக்கியடித்து உட்கார்ந்தாள். பானைக்காரி கீழேயிருந்து சன்னலைத் தட்டினாள்.

"யாதிரா! மோலே குழம்பை என் மவகிட்ட குடுத்துடு. ஆனா பானையை வாங்கிக்கிட்டு வந்துடு. எங்கம்மா குடுத்த பானை. கேரியர் ரெண்டும்கூட. திருவிழாவுக்கு முன்னாடி எனக்கு வேணும்!"

"திருவிழா எப்ப?"

"நவம்பர்ல!"

யாதிரா பானைக்கு மேலே எட்டித் தாயைப் பார்த்தாள். "அம்மா! இதெல்லாம் திருப்பிக் கொண்டுவரணுமாம்!"

"அப்போ கொண்டு வந்து குடுத்துட்டுப் போ!" என்று ஒதிலியா பஸ் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "ஊர்ப் பானையை அங்கயே வச்சுக்கலாம்னு பாக்கறியா?"